எட்டாம் கிணறு எங்கே போயிற்று?

கேள்வி:

நிலாவெளிக்கு வடக்கே ஒரு கரையோரக் கிராமம் எனது ஊர். வந்தாறுமூலையில் விஞ்ஞானப் பட்டம் முடித்து ஒரு வருடம். இரண்டாம் வகுப்பு, கீழ்ப்பிரிவு. இப்போது ஓ.எல். பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். நிலத்தடி நீர் பற்றி முதுமாணி படிக்க அமெரிக்காவில் இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் நெதர்லாந்தில் டெல்ஃப்ட்டுக்கும் விண்ணப்பிக்கப் போகிறேன். பிரித்தானிய அரசின் சீவ்னிங் புலமைப்பரிசிலும் மனதில் இருக்கிறது. விண்ணப்பத்தோடு அனுப்ப என்னைப் பற்றி எழுதி முடித்த கட்டுரையை, பேர்சனல் ஸ்டேட்மென்ட்டை, இணைத்திருக்கிறேன். சுனாமியில் எங்கள் வீடு போனதில் இருந்து தொடங்கியிருக்கிறேன். அப்போது எனக்கு நாலு வயது. அப்படித் தொடங்குவது சரியா? புள்ளிவிபரவியலில் 'சி' எடுத்ததையும், நாலு வருடப் படிப்பு ஐந்தரை வருடம் இழுபட்டதையும் சொல்லவா, விடவா? லண்டனில் இருக்கும் சித்தப்பாவின் மகன், 4,000 எழுத்துக்கு மேல் போகக்கூடாது, மூன்று கேள்விக்குப் பதிலாகத்தான் எழுத வேண்டும் என்கிறார். ஒன்றையே எழுதி எல்லா இடத்துக்கும் அனுப்பலாமா?

போன மாதமே எழுத நினைத்தேன் மிஸ், மன்னிக்கவும். இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஊரில் 14 கிணறுகளின் உப்பு அளக்கப் போவேன். கம்பஸ் முடிந்தும் அதை விடவில்லை. கடலுக்குக் கிட்ட இருக்கிற எட்டாம் கிணறு ஜூலையிலும் நல்ல தண்ணீராக இருக்கிறது, உள்ளே தள்ளி இருக்கிற ஐந்தாம் கிணறு கரிக்கிறது. ஐந்தாவதில் மோட்டார், எட்டாவதில் வாளி. அதுதான் காரணமா என்று பார்க்கத் திரிந்ததில் நாள் போய்விட்டது. அம்மம்மா சுனாமி வந்த வருடமே, "கிணத்தை இறைக்க இறைக்கத்தான் உப்பு வரும், சும்மா விடுங்கோ" என்று சொன்னவவாம்.

— வாசகி, திருகோணமலை

பதில்:

தங்கச்சி, உங்கள் கடிதத்தையும் இணைப்பையும் ஒரே இருப்பில் வாசித்தேன். இணைப்பை இரண்டாம் முறை வாசிக்க மனம் வரவில்லை. கடிதத்தை நாலு முறை வாசித்தேன்.

இணைப்பில் இருப்பவை இவை: சுனாமி, அம்மா பட்ட பாடு, நல்ல ஆசிரியர்கள், சிறு வயது முதலான கனவு, உங்கள் விடாமுயற்சி, விண்ணப்பிக்கிற பல்கலைக்கழகத்தின் உலகப் புகழ். கிணறுகளுக்கு ஒரே ஒரு வரி. தமிழில் சொன்னால் அது இப்படி வரும்: "கரையோர நிலத்தடி நீரின் தரம் தொடர்பான ஆய்வொன்று மேற்கொள்ளப்பட்டது." எட்டாம் கிணற்றைத் தேடிப் பார்த்தேன். காணவில்லை. எனக்கு எழுதிய கடிதத்தில், அதுவும் பிந்தியதற்கு மன்னிப்புக் கேட்கிற இடத்தில், போகிற போக்கில் அது கிடக்கிறது. நீங்கள் மன்னிப்புக் கேட்ட அந்த ஆறேழு வரிதான் உங்கள் ஸ்டேட்மென்ட். மற்றதெல்லாம் அதற்கு இடம் விட்டு ஒதுங்க வேண்டும்.

ஏன் என்று சொல்கிறேன். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் நீர்வளப் பொறியியல் படிப்பித்த காலத்தில், முதுமாணி விண்ணப்பங்களைத் தெரிவு செய்யும் மேசையில் ஒன்பது வருடம் இருந்திருக்கிறேன். விண்ணப்பத்தில் பெறுபேற்றுப் பத்திரம் ஒரு பக்கம் இருக்கும், சிபாரிசுக் கடிதங்கள் ஒரு பக்கம். பரீட்சையில் இந்தப் பிள்ளை எப்படி என்று முதலாவது சொல்லும். பழக எப்படி என்று இரண்டாவது சொல்லும். ஒரு அளவீடு எதிர்பார்த்தபடி வராவிட்டால் இந்தப் பிள்ளை என்ன செய்யும் என்பதை அந்த இரண்டும் சொல்லாது. மேசையைச் சுற்றி இருக்கிற எங்களுக்குத் தெரிய வேண்டியது அதுதான். ஏனென்றால் இங்கே வந்த பிறகு இவருடைய வேலையே அதுவாகத்தான் இருக்கப் போகிறது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, விண்ணப்பக் கட்டிலிருந்து இருபதாவது கடதாசியைத் தூக்குகிற ஆளுக்கு, 'கடலுக்குக் கிட்ட உள்ள கிணறு நல்ல தண்ணீர், தள்ளி உள்ளது கரிக்கிறது' என்ற வசனம் கண்ணில் பட்டால் முதுகு நிமிரும். எனக்கு நிமிர்ந்தது.

சுனாமி விடயத்துக்கு வருகிறேன். இதை எழுதக் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி எங்கள் கரையில் என்ன நடந்தது என்று உங்களுக்கும் எனக்கும் யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. அந்த நாளை எழுத வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் உங்கள் முதல் பந்தியில் அலை வருகிறது, வீடு போகிறது, அம்மா உங்களைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறா. நாலு வயதுப் பிள்ளை அதில் எதையும் செய்யவில்லை, செய்யவும் முடியாது. வாசிக்கிறவர் உங்கள் அம்மாவை மதிப்பார். உங்களைப் பற்றி அவருக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. இடமோ இரண்டு பக்கம், அதில் கால்வாசி முடிந்துவிட்டது. இன்னொன்றும் உண்டு. துக்கத்துக்குப் புள்ளி போடச் சொல்லி யாரையும் கேட்கக்கூடாது; அவர்களால் போடவும் முடியாது, போடாமல் விடவும் சங்கடம். சங்கடப்பட்ட ஆள் அடுத்த கடதாசிக்குப் போய்விடுவார்.

அதற்காகச் சுனாமியை அழிக்கச் சொல்லவில்லை. அது உங்கள் கட்டுரைக்குள் கிணற்று வழியாக வரட்டும். அம்மம்மா சொன்ன வசனத்தின் பெறுமதி உங்களுக்கு விளங்கியிருக்கும். மற்ற வாசகர்களுக்காகக் கொஞ்சம் விரிக்கிறேன். எங்கள் கரையோர மணலுக்குள் நன்னீர், உப்பு நீருக்கு மேலே மிதந்துகொண்டு நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 மீற்றர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கும் என்பது கிபென்–ஹெர்ஸ்பேர்க் என்று பாடத்தில் வரும் கணக்கு. இதையே மறுபக்கம் திருப்பிப் பாருங்கள். மோட்டார் போட்டு மேலே ஒரு சாண் குறைத்தால், கீழே உப்பு அதைப் போலப் பல மடங்கு ஏறி வர வழி கிடைக்கிறது. கிணற்றுக்கு நேர் கீழே கூம்பு மாதிரி எழும்பும். சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரை முழுவதும் கடல் நீர் புகுந்த கிணறுகளை நல்லெண்ணத்தோடு மோட்டார் வைத்து இறைத்துத் துப்புரவாக்கினார்கள். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியில் உள்ள உப்பு மேலே வரும், மாரி மழையே கழுவட்டும் என்று நீரியலாளர்கள் பிறகு சொன்னார்கள். உங்கள் அம்மம்மா அதைப் பாடம் படிக்காமலே சொல்லியிருக்கிறா. இருபது வருடத்துக்குப் பிறகு பேத்தி உப்பு அளக்கும் மானியைக் கையில் எடுத்துக்கொண்டு போய், அந்த வசனம் சரியா என்று அதே ஊரில் பார்த்துக்கொண்டிருக்கிறா. தங்கச்சி, இதை வைத்துக்கொண்டு 'சிறு வயதிலிருந்தே நீர் மீது எனக்கு ஆர்வம்' என்று எழுத எப்படி மனம் வந்தது?

உங்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான் முதன்முதல் விண்ணப்பித்தபோது கன்னியா வெந்நீரூற்றில் தொடங்கினேன். ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு, இராவணன் தாயாருக்குக் கிரியை செய்ய நிலத்தில் குத்தி நீர் வரவழைத்த கதை என்று முக்கால் பக்கம். எங்கோ குளிர் தேசத்தில் இருந்து அதை வாசித்த பேராசிரியர், இராவணன் யார், இந்தப் பெண்ணுக்கு என்ன உறவு என்று யோசித்திருப்பார். ஐந்து இடத்துக்குப் போட்டேன், ஐந்திலும் இல்லை என்று வந்தது. அந்த ஏழு கிணற்றில் ஒன்றிலாவது நான் வெப்பமானி போட்டுப் பார்த்திருந்தேனா என்றால், இல்லை. நீங்கள் 14 கிணற்றில் போட்டிருக்கிறீர்கள்.

ஆகவே தொடக்கம் இப்படி இருக்கலாம். எண்கள் நான் இட்டவை. உங்கள் கொப்பியில் உள்ளதைப் போடுங்கள்.

"ஜூலையில் எங்கள் ஊரில் மழை இல்லை. அந்த மாதம், கடலில் இருந்து 70 மீற்றரில் உள்ள எட்டாம் கிணற்றில் மானி 900 காட்டியது. 250 மீற்றர் உள்ளே தள்ளி உள்ள ஐந்தாம் கிணற்றில் 3,400. மானி பிழை என்று நினைத்து மறுநாள் இரண்டையும் திரும்ப அளந்தேன். மானி சரியாகத்தான் இருந்தது. ஐந்தாம் கிணற்றில் மோட்டார் பூட்டியிருக்கிறது. எட்டாம் கிணற்றில் இன்னும் வாளியால் அள்ளுகிறார்கள்."

மறுநாள் திரும்ப அளக்காவிட்டால் அந்த வசனத்தை எடுத்துவிடுங்கள். அல்லது போய் அளந்துவிட்டு வாருங்கள், நாள் இருக்கிறது. எண்ணுக்குப் பக்கத்தில் அலகைப் போட மறக்க வேண்டாம்.

இதற்கு அடுத்த பந்தியில், மோட்டார்தான் காரணம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எட்டாம் கிணற்றுக்குப் பக்கத்தில் மணல் மேடு இருக்கிறதா? மேடு மழையைப் பிடித்து வைத்து மெல்ல மெல்லக் கிணற்றுக்கு விடலாம். இரண்டு கிணறும் ஒரே ஆழமா? ஐந்தாம் கிணற்றின் பக்கம் களப்பு ஏதும் கிடக்கிறதா? இவற்றில் எதை உங்களால் பார்க்க முடிந்தது, எதைப் பார்க்கக் கருவியோ படிப்போ போதவில்லை என்று எழுதுங்கள். 'போதவில்லை' என்று எழுதக் கூச்சப்பட வேண்டாம். முதுமாணிக்கு ஏன் வருகிறீர்கள் என்ற கேள்விக்கு அதைவிட நேரான பதில் கிடையாது. உங்கள் இணைப்பில் அந்தக் கேள்விக்கு 'அறிவை விருத்தி செய்து தாய்நாட்டுக்குச் சேவையாற்ற' என்று பதில் இருக்கிறது. நல்ல எண்ணம். எனக்கு வந்த கடதாசிகளில் பாதியில் அந்த வசனம் இருந்தது.

இனி 'மேற்கொள்ளப்பட்டது' பற்றி. உங்கள் இரண்டு பக்கத்திலும் இந்த மாதிரி வினை பதினொரு இடத்தில் வருகிறது, எண்ணிப் பார்த்தேன். மாதிரிகள் சேகரிக்கப்பட்டன, தரவுகள் பகுப்பாய்வு செய்யப்பட்டன, விழிப்புணர்வு ஏற்படுத்தப்பட்டது. யார் சேகரித்தது? மத்தியான வெயிலில் மானியோடு யார் நடந்தது? இப்படி 'பட்டது', 'பட்டன' வராத இடங்களில் 'நாங்கள்' வருகிறது. இது எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். நாலாம் வருட ஆய்வறிக்கையை அப்படித்தான் எழுதப் பழக்குகிறார்கள். அதற்கும் முன்னால், பெரியவர்கள் இருக்கிற இடத்தில் 'நான்' என்று தொடங்குகிற பெண் பிள்ளையை எங்கள் வீடுகளில் ஒரு பார்வை பார்ப்பார்கள். புலவர்களே அவையடக்கம் பாடிவிட்டுத்தான் காவியம் தொடங்கியவர்கள், நாங்கள் எம்மாத்திரம். ஆனால் இந்தக் கடதாசியில் 'நான்' என்பது பெருமை இல்லை, வெறும் தகவல். சேர் திட்டத்தைத் தந்தார், நான் கிணறுகளைத் தெரிந்தேன், நண்பி முதல் மூன்று மாதம் கூட வந்தா, பிறகு தனியாகப் போனேன் என்று ஆளாளுக்குப் பிரித்து எழுதினால் ஒருவருடைய பங்கும் குறையாது. நண்பிக்கும் சேருக்கும் உரியதைக் கொடுத்துவிட்டு எழுதுகிற 'நான்' கண்ணை உறுத்தாது.

அடக்கத்துக்கு நேர் எதிரான வருத்தமும் உங்கள் கடதாசியில் இருக்கிறது. மற்றவர்களைப் புகழ வேண்டிய இடம் வந்தால் நாங்கள் மாலையோடு நிற்போம். 'தங்களின் உலகப் புகழ்பெற்ற, மதிப்பார்ந்த பல்கலைக்கழகம்' என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். கோணேசர் கோயிலடியில் நிற்கிற உல்லாசப் பயணியிடம், எங்கள் துறைமுகம் உலகப் புகழ்பெற்றது என்று சொல்கிற மாதிரி அது. எதற்கென்று சொன்னால்தானே அவருக்குப் பிரயோசனம். அந்த இடத்தில் கரையோர உப்பு நீர் ஊடுருவல் பற்றி யார் வேலை செய்கிறார்கள், அவர்களுடைய எந்தக் கட்டுரையை நீங்கள் வாசித்தீர்கள், உங்கள் ஐந்தாம் கிணற்றுக்கு அதில் என்ன உதவி கிடைத்தது என்று மூன்று வரி போதும். அமெரிக்காவில் ஆய்வோடு சேர்ந்த முதுமாணிக்கு உதவித்தொகை பெரும்பாலும் பேராசிரியர் கையில் உள்ள ஆய்வுப் பணத்தில் இருந்து வரும். ஆகவே விண்ணப்பத்துக்கு முன்னரே அவருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். அதிலும் எட்டாம் கிணற்றைத்தான் எழுத வேண்டும், நாலு வரிக்குள்.

சாட்ஜிபிடி பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் இணைப்பின் இரண்டாம் பக்கம் வேறு ஆள் எழுதியது மாதிரி வழுவழுவென்று இருக்கிறது. ஆங்கிலம் பிழையாகிவிடும் என்ற பயத்தில் கொடுத்திருப்பீர்கள், விளங்குகிறது. சில இடங்களில் அதற்கென்று விதியே வைத்திருக்கிறார்கள், ஒவ்வொரு இடத்தின் அறிவுறுத்தலையும் வாசித்துவிடுங்கள். விதியை விடவும் எனக்குக் கவலை வேறு. உங்கள் வசனத்தில் இருந்த மண்ணையும் உப்பையும் அது கழுவிவிட்டது. ஒரு வழி சொல்கிறேன். போனில் ஒலிப்பதிவை அழுத்திவிட்டு, ஏ.எல். படிக்கிற தம்பியோ தங்கச்சியோ முன்னால் இருப்பதாக நினைத்து, எட்டாம் கிணற்றுக் கதையை வாயால் தமிழில் சொல்லுங்கள். ஐந்து நிமிடம். திரும்பக் கேட்டு, எந்த ஒழுங்கில் சொன்னீர்களோ அதே ஒழுங்கில் ஆங்கிலத்தில் எழுதுங்கள். மொழிபெயர்க்க வேண்டாம், ஒழுங்கை மட்டும் எடுங்கள். வசனம் குட்டையாக வரும். வரட்டும். கடைசியில் இலக்கணப் பிழை பார்க்க ஆங்கில ஆசிரியர் ஒருவரிடம் கொடுக்கலாம், அலங்காரம் பண்ண விட வேண்டாம்.

'சி'யும் ஐந்தரை வருடமும். இரண்டையும் சொல்லுங்கள், ஆனால் இரண்டு வசனத்துக்கு மேல் போகக்கூடாது, முதல் பக்கத்திலும் வரக்கூடாது. 2020இல் கொரோனா, 2022இல் டீசலும் மின்சாரமும் இல்லாத மாதங்கள், அந்த மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தது. இவை இலங்கைக்கு வெளியே எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். திகதியோடு ஒரு வசனம்: படிப்பு ஏன் நீண்டது என்பது. புலம்பல் வேண்டாம், யாரையும் குற்றம் சொல்லவும் வேண்டாம். 'சி'க்கு ஒரு வசனம், அதோடு ஒட்டியே அதற்குப் பிறகு என்ன செய்தீர்கள் என்பது. 14 கிணறு, மாதம் இரண்டு தரம், ஒரு வருடத்துக்கு மேல் சேர்த்த எண்களை நீங்கள்தானே எக்செல்லில் போட்டு வரைபடமாக்கினீர்கள்? புள்ளிவிபரவியல் சோதனையில் சறுக்கிய பிள்ளை முந்நூறுக்கு மேற்பட்ட அளவீட்டைத் தானே கையாண்டிருக்கிறா என்று அவர்கள் கூட்டிக் கழித்துக்கொள்வார்கள். இரண்டாம் வகுப்புக் கீழ்ப்பிரிவுக்கு விளக்கமே வேண்டாம். பத்திரத்தில் இருக்கிறது, பார்ப்பார்கள்.

லண்டன் அண்ணா சொன்னது பொய் இல்லை, ஆனால் அது வேறு கதவு. பிரித்தானியாவில் இளமாணிக்கு யூகாஸ் என்ற அமைப்பின் ஊடாக விண்ணப்பிப்பார்கள். அங்கேதான் 4,000 எழுத்துக் கட்டுப்பாடு, இடைவெளியும் சேர்த்து. 2026இல் சேர்கிறவர்களில் இருந்து அதை மூன்று கேள்வியாகப் பிரித்திருக்கிறார்கள். நீங்கள் போவது முதுமாணிக்கு, அதுவும் பிரித்தானியாவுக்கு இல்லை. முதுமாணிக்கு ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனித்தனியாக நீளம் சொல்லும். சொன்னதைத் தாண்டக்கூடாது. ஒன்றும் சொல்லாவிட்டால் இரண்டு பக்கத்தோடு நிற்பாட்டுங்கள்.

சொல்லில் ஒரு குழப்பம் இருக்கிறது, அதில் நிறையப் பேர் விழுகிறார்கள். அமெரிக்காவில் சில இடங்கள் இரண்டு கடதாசி கேட்கும். பேர்க்லி அப்படி. ஒன்று ஸ்டேட்மென்ட் ஒஃப் பேர்பஸ்: என்ன ஆராயப் போகிறாய், ஏன், ஏன் இங்கே. மற்றது பேர்சனல் ஹிஸ்டரி: எங்கிருந்து வருகிறாய், எதைக் கடந்து வந்தாய். இந்த இரண்டாவதில் உங்கள் வீடும் அம்மாவும் தாராளமாக வரலாம், அதற்கென்றே கேட்கிற இடம் அது. ஒன்றே ஒன்று மட்டும் கேட்டால், தலைப்பில் 'பேர்சனல்' என்று இருந்தாலும், கீழே சின்ன எழுத்தில் என்ன கேட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் கேட்பது முதலாவதைத்தான்.

ஆக, ஒன்றையே எல்லா இடத்துக்கும் அனுப்ப முடியாது. கிணற்றுப் பந்திகள் எல்லாவற்றிலும் அப்படியே நிற்கலாம். தொடர்ந்து வருகிற பாதி ஒவ்வொரு இடத்துக்கும் மாற வேண்டும். டெல்ஃப்ட்டில் 1957 முதல் தண்ணீர் ஒன்றையே படிப்பிக்கிற நிறுவனம் இருக்கிறது. எங்களைப் போன்ற நாடுகளில் இருந்து வருகிறவர்கள்தான் அங்கே அதிகம். அங்கே ஆய்வுக் கேள்வியோடு சேர்த்து, திரும்பி வந்து எந்தக் கதிரையில் இருந்து இதைச் செய்வீர்கள் என்றும் எழுதுங்கள். நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையா, பிரதேச செயலகமா, கம்பஸா? (டெல்ஃப்ட் என்றால் எங்கள் ஆட்களுக்கு நெடுந்தீவு. ஒல்லாந்தர் வைத்த பெயர். அந்தத் தீவிலும் நல்ல தண்ணீருக்குத் தட்டுப்பாடுதான். இதைக் கட்டுரையில் எழுதிவிடாதீர்கள், நான் கன்னியாவை எழுதிப் பட்டது போதும்.)

சீவ்னிங்கை இந்தப் பட்டியலில் இருந்து எடுத்துவிடுங்கள், இப்போதைக்கு. அது பிரித்தானியப் பல்கலைக்கழகங்களுக்கு மட்டும் உரியது, நீங்கள் ஒன்றுக்கும் போடவில்லை. விண்ணப்பத்தில் அங்கே மூன்று கற்கைநெறி தெரிய வேண்டும். அதோடு ஏறக்குறைய இரண்டு வருட வேலை அனுபவம் கேட்பார்கள், மணித்தியாலக் கணக்கில் 2,800. பகுதிநேர வேலையும் சேரும் என்பதால் உங்கள் விஞ்ஞான வகுப்புகளின் நேரத்தை இன்றிலிருந்தே ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். அங்கே கேட்கிற கட்டுரைகளும் வேறு: தலைமைத்துவம், தொடர்புகளைக் கட்டியெழுப்புதல், ஏன் இந்தப் படிப்பு, எதிர்காலத் திட்டம் என்று நாலு. அடுத்த வருடத்துக்கு யோசிக்கலாம்.

சிபாரிசுக் கடிதம் கேட்கப் போகும்போது, 'நீங்களே எழுதிக்கொண்டு வாங்கோ, கையெழுத்து வைக்கிறேன்' என்று சேர் சொன்னால் மெல்ல நழுவுங்கள். மூன்று கடிதமும் ஒரே குரலில் இருந்தால் மேசையில் தெரிந்துவிடும். பதிலாக, உங்கள் ஸ்டேட்மென்ட்டையும் கிணற்று வரைபடத்தையும் அவரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். பட்டம் முடிந்து ஒரு வருடமாகியும் நீங்கள் அளந்துகொண்டிருப்பது அவருக்கே தெரியாமல் இருக்கலாம். தெரிந்தால் அவரே எழுதுவார்.

அமெரிக்க விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பரில் மூடும். அது எங்களுக்கு மாரி, மழை பிடித்தால் கரண்டும் போகும், சிக்னலும் போகும். கடைசி நாள் இரவுக்கு ஒன்றையும் வைக்காதீர்கள். நவம்பர் நடுவில் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். ஐ.ஈ.எல்.டி.எஸ். ஆங்கிலப் பரீட்சைப் பெறுபேறு இரண்டு வருடம்தான் செல்லும், எடுத்த திகதியையும் பாருங்கள்.

புதிய பிரதியை அனுப்பும்போது கூடவே உங்கள் கொப்பியின் ஜூலை மாதப் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள். எட்டாம் கிணற்றுக்கு நேரே என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று எனக்குப் பார்க்க வேண்டும்.